கேமராவோடு திருவிழாவுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சந்தை, பொருட்காட்சி, அறுவடை விழா, கோடை விழா, ஊர்வலம், வாணவேடிக்கை என்று கூட்டம் கூடுகிற இடத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. விழாவையும் அனுபவிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு நல்ல படமும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் இதைப் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். தொழிலாகப் படம் எடுப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

எத்தனை மணிக்குப் போவது நல்லது?

அறிவிப்பில் போட்டிருக்கும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து ஒரே படத்தை எடுப்பார்கள். ஆறரை மணிக்கு ராட்டினக்காரர் பல்லில் வயரைக் கடித்துக்கொண்டு சீரியல் லைட்டை மாட்டிக்கொண்டிருப்பார். வேஷம் கட்டுகிறவர் பாதி முகத்தில் சாயத்தோடு செல்போனில் பேசிக்கொண்டிருப்பார். வாத்தியக்காரர்கள் ஒரு மூலையில் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும், உங்களுக்கும் நிற்க இடம் இருக்கும்.

முன்னதாகப் போவதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். சூரியன் மறைந்த பிறகு வானம் கருநீலமாக மாறும் நேரம் ஒன்று உண்டு. வானத்தின் ஒளியும் கடை விளக்குகளின் ஒளியும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நேரம் அது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 4 டிகிரியிலிருந்து 8 டிகிரி போகும்வரை இது நீடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களில் சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம்தான். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போக இது நீளும். எங்கே நிற்பது என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தால்தான் அந்தக் கால் மணி நேரம் உதவும். முழுக்க இருட்டிய பிறகு எடுத்தால் விளக்குகள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பாகக் கிடக்கும்.

முடிந்தால் கடைசிவரை இருங்கள். கடையைக் கட்டுகிறவர்கள், தோளில் தூங்கிப்போன குழந்தைகள், காலி நாற்காலிகள் என்று கூட்டம் கலைந்த பிறகும் எடுக்க நிறைய இருக்கும்.

போன் போதுமா, கேமரா வேண்டுமா?

பகலில் போன் தாராளமாகப் போதும். யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள் என்பது கூட்டத்தில் ஒரு வசதி.

இரவில் மட்டும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நைட் மோடு என்பது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. நிற்கிற கடைக்கும் கட்டடத்துக்கும் அது அருமையாக வேலை செய்யும். ஆடுகிறவர்களை எடுத்தால் கை இரண்டாகத் தெரியும், முகம் கரைந்துவிடும். ஆட்டம் என்றால் அதை அணைத்துவிட்டு, விளக்குக்கு அருகில் வருகிறவர்களை எடுங்கள். அடுத்தது, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பிறகு திரையில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். போன் தன் போக்கில் இரவைப் பகலாக்கப் பார்க்கும், நாம்தான் அதை இரவாக வைத்திருக்க வேண்டும். கடைசியாக, விரலால் விரித்து ஜூம் செய்வதைவிட நாலடி முன்னால் நடப்பது மேல். 1எக்ஸ் லென்ஸுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் பெரிய சென்சார் இருக்கும்.

கிளம்பும் முன் லென்ஸைத் துடையுங்கள். விளக்கைச் சுற்றிப் புகை மூட்டம்போல் தெரிகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு விரல் ரேகைதான் காரணம்.

எந்த லென்ஸை எடுத்துப் போவது?

ஒன்றே ஒன்று. ஃபுல் பிரேம் (பழைய ஃபிலிம் சுருள் அளவுள்ள பெரிய சென்சார்) கணக்கில் 35 மி.மீ., எஃப்/2 அல்லது எஃப்/1.8 கிடைத்தால் அதுவே போதும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 23 அல்லது 24 மி.மீ. ஜூம்தான் வேண்டும் என்பவர்கள் 24–70 வகையை மாட்டிக்கொள்ளலாம். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70–200 லென்ஸ் மேடைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் உதவும். ஆனால் கூட்டத்துக்குள் அதை நீட்டினால் எதிரில் இருப்பவர் விலகிப் போவார், நீங்களும் விழாவுக்கு வெளியே நிற்கிறவராகிவிடுவீர்கள். நான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற கட்சி.

கூட்டத்தில் எடுத்த படம் எல்லாமே கசகசவென்று இருக்கிறதே?

எதைக் கண்டாலும் அதன் பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் வருகிற தொல்லை இது. திருவிழாவில் எல்லாமே கண்ணைப் பறிக்கும், அதனால் எதுவும் தனியாகத் தெரியாது. மாற்றிச் செய்து பாருங்கள். முதலில் பின்னணியைத் தேடுங்கள். ஒரே நிறச் சுவர், கடையின் தார்ப்பாய், குடைராட்டினத்தின் வண்ணத் தகடு, வாசல் வளைவு என்று அமைதியாக இருக்கிற ஒன்று போதும். அதன் முன்னால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டு, அங்கேயே நில்லுங்கள். கூட்டம் நகர்ந்துகொண்டே இருப்பது என்பதால் ஆள் தானாக வருவார். பலூன்காரர் வருவார், அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓர் அப்பா வருவார், முகமூடி போட்ட சிறுவன் வருவான். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்பது முதலில் அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பைத் தாண்டினால்தான் படம் கிடைக்கும்.

இங்கிலாந்தின் ஊர்த் திருவிழாக்களையும் கடற்கரைக் கேளிக்கைகளையும் 1960களின் பின்பாதியில் சுற்றிச் சுற்றி எடுத்த டோனி ரே-ஜோன்ஸ், தனக்குத் தானே சில கட்டளைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். இன்னும் நெருங்கிப் போ, ஆட்களோடு பேசு, பொறுமையாக இரு, எல்லாவற்றையும் கண் மட்டத்திலிருந்தே எடுக்காதே, பின்னணியில் இருப்பதெல்லாம் விஷயத்தோடு சேர்கிறதா என்று பார், நடுத்தூரம் வேண்டாம் என்பவை அவற்றில் சில. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கட்டளை. கூட்டப் படங்கள் பாழாவது பெரும்பாலும் பத்துப் பதினைந்தடி தூரத்தில்தான். ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்குப் போங்கள். இல்லையென்றால் மாடியோ படிக்கட்டோ ஏறி, மனிதர்கள் புள்ளியாகத் தெரியும் உயரத்திலிருந்து எடுங்கள்.

முன்பின் தெரியாதவர்களை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்ய?

வேலை செய்துகொண்டிருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். பொம்மை விற்பவர், வளையம் எறியும் கடைக்காரர், சீட்டுக் கிழிப்பவர் ஆகியோரெல்லாம் நாள் முழுக்க ஆட்களிடம் பேசிப் பழகியவர்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள் அல்லது விளையாடுங்கள். அப்புறம் அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு கேமராவைக் காட்டி ஜாடையில் கேட்டாலே போதும். அவர் விறைப்பாகப் போஸ் கொடுப்பார். அதையும் எடுத்துவிடுங்கள். அதை எடுத்து முடித்ததும் அவர் தன் வேலைக்குத் திரும்புவார் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய படம் அதுதான்.

மறைந்து நின்று எடுக்கப் பார்க்காதீர்கள். வெளிப்படையாக நின்று, கண்ணைப் பார்த்துச் சிரித்து எடுக்கிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. பின்னால் போய் ஒளிந்து எடுக்கிறவரைத்தான் நாலு பேர் கூடிக் கேட்பார்கள்.

ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். பொது இடத்தில் படம் எடுப்பதைப் பல நாடுகள் தடுப்பதில்லை, எடுத்ததை வெளியிடுவதில்தான் கட்டுப்பாடு வரும். ஜெர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும் என்று 1907லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கூட்டம், ஊர்வலம் போன்றவற்றின் படங்களுக்கு அதிலேயே விலக்கும் உண்டு. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், எந்த நாடாக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. வேலி போட்டுச் சீட்டு விற்கிற இடம் தனியார் நடத்துவதாகவும் இருக்கும். பெரிய கேமராவுக்கும் ட்ரைபாடுக்கும் அங்கே தனித் தடை இருக்கலாம், நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டத்தை எடுக்கும்போது யாரையும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். ஒரு முகத்தை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் கேளுங்கள், அல்லது எடுத்த உடனே காட்டுங்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினால் அத்தோடு விட்டுவிடுங்கள். அழுகிறவர், குடித்து விழுந்தவர், அருள் வந்து ஆடுகிறவர், உடை விலகியவர் ஆகியோரைப் பார்த்தால் கேமராவை இறக்கிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வழிபாடு நடக்கிற இடமென்றால் அங்கே உள்ள பெரியவர் ஒருவரிடம் எதுவரை வரலாம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டு வந்தவருக்கு அவர்களே நல்ல இடம் ஒதுக்கிக் கொடுப்பதும் நடக்கும்.

குழந்தைகளை எடுக்கலாமா?

கூட வந்தவரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். பள்ளிப் பெயர், வீட்டு எண், வண்டி எண் எதுவும் படத்தில் தெரிய வேண்டாம். இணையத்தில் போடுகிறீர்கள் என்றால் படத்தோடு பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.

ராட்சத ராட்டினத்தை ஒளிவட்டமாக எடுப்பது எப்படி?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ராட்டினத்தில் ஒரு பெட்டியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது முழுச் சுற்றுச் சுற்றி வர எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். அந்த எண்ணைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 30 வினாடிக்கு ஒரு சுற்று, 12 பெட்டி என்றால் இரண்டரை வினாடி வரும். ஒரு பெட்டி அடுத்த பெட்டி இருந்த இடத்துக்கு வந்து சேர ஆகும் நேரம் அது. ஷட்டர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 3 வினாடி திறந்திருந்தால் ஒளிக்கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு வட்டமாகும். 1 வினாடி வைத்தால் துண்டு துண்டான விற்கள் கிடைக்கும், அதுவும் ஓர் அழகுதான். 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டிய முதல் பெரிய சக்கரம் 264 அடி உயரம். 36 பெட்டிகளோடு நிற்காமல் ஒரு சுற்று வர அது சுமார் 9 நிமிடம் எடுத்துக்கொண்டது. நம் கணக்கைப் போட்டால் அதற்கு 15 வினாடி வேண்டியிருந்திருக்கும்.

ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்) 100, எஃப்/11 என்று தொடங்குங்கள். வெளிச்சம் மிஞ்சினால் எஃப்/16. வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆள் ஏற்றி இறக்கும்போது சக்கரம் நின்று நின்று நகரும். அப்போது எடுத்தால் கோட்டில் முடிச்சு முடிச்சாக வெளிச்சம் விழுந்திருக்கும். எல்லாப் பெட்டியும் நிறைந்து வேகம் பிடித்த பிறகு அழுத்துங்கள். ட்ரைபாடை ராட்டினத்தின் மரத்தளத்தில் வைக்கக் கூடாது, அது அதிரும். மண் தரையில் வையுங்கள், 2 வினாடி டைமர் போடுங்கள். ட்ரைபாட் கொண்டுவரவில்லையா, மதில் சுவரில் பையை வைத்து அதன்மேல் கேமராவைக் கிடத்தினால் சரியாகிவிடும்.

முன்னால் யாராவது அசையாமல் நிற்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. சுழல்கிற வட்டத்தின் முன்னால் ஒரு கரிய உருவம் நிற்கும்போதுதான் சக்கரம் எவ்வளவு பெரியது என்பதே தெரியும்.

இரவுப் படத்தில் குறுக்கே கோடு கோடாக வருகிறதே, கேமரா பழுதா?

பழுதில்லை, விளக்குகளின் வேலை அது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் கோடு பெரும்பாலும் போய்விடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120 வையுங்கள். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60, அதனால் ஒரே நாட்டுக்குள்ளேயே மாற்ற வேண்டி வரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தக் கோடுகள் அதிகம், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிப் பாருங்கள். மேடையின் எல்இடி திரைகள் வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேடையில் சிவப்பு, நீல விளக்கில் முகம் வெறும் வண்ணத் திட்டாக விழுகிறது.

கேமராவின் ஒளிமானி மூன்று நிறத்தையும் சேர்த்துச் சராசரியாகப் பார்க்கிறது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும்போது சராசரி குறைவாக இருக்கும், கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், சிவப்பு மட்டும் உச்சியில் போய் முட்டி முகத்தின் மேடுபள்ளம் எல்லாம் அழிந்துவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை) போட்டுக்கொண்டு, எந்த நிறமும் வலது ஓரத்தில் முட்டாதவரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒரு ஸ்டாப்கூட, அதாவது பாதியாக, குறைக்க வேண்டியிருக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகு சரிசெய்ய இடமிருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் கறுப்புவெள்ளையாக்கிவிடுங்கள். அல்லது வெள்ளை விளக்கு வரும்வரை காத்திருங்கள், எப்படியும் வரும்.

ஃபிளாஷ் போடலாமா?

கேமராவோடு வருகிற குட்டி ஃபிளாஷ் சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி மின்னுகிற ஃபிளாஷெல்லாம் முன்னால் இருப்பவரின் பின்மண்டைக்குத்தான் வெளிச்சம் போடுகிறது.

அருகில் ஆடுகிறவர்களை எடுக்கும்போது அதற்கு வேலை இருக்கிறது. ஷட்டரை 1/15 வரை குறைத்து, ஃபிளாஷை ரியர் கர்டன் முறையில் வையுங்கள். ஷட்டர் மூடும் கணத்தில் ஃபிளாஷ் அடிக்கும். ஆடுகிறவரின் முகம் தெளிவாக உறைந்து, கை வீசிய தடம் பின்னால் ஒளியாக இழுபடும். நெருப்பு ஏந்தி ஆடுகிறவர்கள், உயரத்தில் கயிற்றில் நடப்பவர்கள், குதிரை, யானை, காளை ஆகியவற்றின் பக்கம் மட்டும் ஃபிளாஷ் திரும்பவே கூடாது. ஒரு நொடி கண் கூசினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

வாணவேடிக்கையை எடுக்க ஏதாவது வழி சொல்லுங்கள்.

ட்ரைபாட் கட்டாயம். ஐஎஸ்ஓ 100, எஃப்/8 முதல் எஃப்/11, ஷட்டரைப் பல்பு முறையில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும்) வைத்துக் கம்பி ரிமோட். ஃபோகஸை தூரத்து விளக்கு ஒன்றில் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும்.

ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் வெடி இன்னும் பிரகாசமாக வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொறி நகர்ந்துகொண்டே இருப்பதால் படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் அது கணநேரம்தான் தொடும். கோடு எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதை முடிவு செய்வது அப்பர்ச்சரும் (எஃப் எண் சொல்லும் லென்ஸ் துளை) ஐஎஸ்ஓவும். ஷட்டர் நேரம் முடிவு செய்வது எத்தனை வெடிகள் ஒரே படத்தில் சேரும், வானம் எவ்வளவு வெளுக்கும் என்பதை. வெடிகள் வெறும் வெள்ளையாக விழுந்தால் அப்பர்ச்சரை மூடுங்கள், உடனே நிறம் திரும்பும். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம் என்று அந்த நிறங்களுக்காக எத்தனையோ உப்புகளைக் கலந்திருக்கிறார்கள், அதை வெள்ளையாக்கி வீட்டுக்குக் கொண்டுவருவது பாவம். நல்ல நீலம் வரவழைப்பது வாணம் செய்கிறவர்களுக்கே கஷ்டம், நீலம் வந்தால் விடாதீர்கள்.

வாணம் மேலே கிளம்பும் உஸ் சத்தம் கேட்டதும் ஷட்டரைத் திறந்து, விரிந்து மறைந்ததும் மூடுங்கள். 3 முதல் 5 வினாடி வரும். வெடிக்கிற இடம் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமா, வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வரும்வரை எண்ணுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், 3 வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். தூரம் தெரிந்தால் எந்த லென்ஸ் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் தூரம் கூடினால் உஸ் சத்தமும் தாமதமாக வரும், அப்போது காதை நம்பாமல் மேலே ஏறும் பொறியைக் கண்ணால் பார்த்துத் திறக்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்று உங்கள் முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள். புகை அந்தப் பக்கம் போகும். முதல் சில நிமிடங்களில் வானம் சுத்தமாக இருக்கும், நல்ல படம் அங்கேதான். கடைசியில் மொத்தமாகக் கொளுத்தும்போது வெளிச்சம் பல மடங்கு, அதற்கு ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள். மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். 4 வினாடிப் படத்துக்கு அது இன்னொரு 4 வினாடி உங்களைக் காக்க வைக்கும், அதற்குள் இரண்டு வாணம் போயிருக்கும்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று தோன்றினால் கேமராவை அப்படியே திருப்பி, அண்ணாந்து பார்க்கிற முகங்களை எடுங்கள். எனக்கு எப்போதும் வானத்தைவிட அதுதான் பிடிக்கும்.

ஆட்டம், ஊர்வலம் இவற்றுக்கு எவ்வளவு ஷட்டர் வேகம்?

நடக்கிறவர்களுக்கு 1/250, ஆடுகிறவர்களுக்கு 1/500, தாவிக் குதிப்பவர்களுக்கு 1/1000. குடைராட்டினத்தின் குதிரையோடு கேமராவையும் சேர்த்து நகர்த்தி எடுப்பதென்றால் 1/15 அல்லது 1/30. நிறையப் படம் வீணாகும், ஒன்று நன்றாக விழும்.

ஊர்வலம் நேராகப் போகும் வீதியில் நிற்காதீர்கள். திருப்பத்தில் நில்லுங்கள். திரும்பும்போது வேகம் குறையும், வரிசை வளைந்து பின்னால் இருப்பவர்களும் தெரிவார்கள்.

வண்ணப்பொடி, தூசி, மழை இவற்றிலிருந்து கேமராவை எப்படிக் காப்பது?

வெளியில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஒரு பாலித்தீன் பையில் லென்ஸ் முனைக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கினால் பாதி வேலை முடிந்தது. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பொடியும் கூடவே போகும். பொடி வீசுகிற விழாவுக்கு நீளாத லென்ஸ்தான் சரி. வீட்டுக்கு வந்ததும் துணியை எடுக்காதீர்கள், துடைத்தால் பொடி கண்ணாடியில் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி.

போனில் ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கியதாகச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். சாயத் தண்ணீருக்கோ சோப்பு நுரைக்கோ அந்த உறுதி கிடையாது. ஏசி அறையிலிருந்து புழுக்கமான மைதானத்துக்கு வரும்போது லென்ஸில் ஈரம் படரும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தால் வராது.

ட்ரோன்?

கூட்டத்தின் மேல் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓப்பன் வகை (முன் அனுமதி வாங்காமல் பறக்கவிடும்) ட்ரோன்களைக் கூட்டத்தின் மேல் பறக்கவிடவே கூடாது என்பது விதி. மற்ற நாடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பேட்டரி தீர்ந்தால் அது யாருடைய தலையிலாவதுதான் இறங்கும்.

படம் எடுத்துக்கொண்டே இருந்தால் விழாவை எப்போது அனுபவிப்பது?

நியாயமான கேள்வி. கூட வந்தவர்கள் ராட்டினத்தில் ஏறி இறங்கிவிடுவார்கள், நாம் இன்னும் ஐஎஸ்ஓ பார்த்துக்கொண்டு நிற்போம். குடும்பத்தோடு போகும்போது நேரத்தைப் பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். முன்னதாகப் போகிற அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு, கூட்டம் சேர்ந்த பிறகு அவர்களுக்கு. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். தோளில் தொங்கினால் கை தானாக அதற்குத்தான் போகும். எடுத்த படத்தை அங்கேயே திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தையும் விடுங்கள். நீங்கள் குனிந்து பார்க்கிற நேரத்தில்தான் எதிரே ஏதாவது நடக்கும்.

வருஷா வருஷம் அதே விழாதான். இனி எடுக்க என்ன இருக்கிறது?

திரும்பத் திரும்பப் போனவர்கள்தான் இந்தத் துறையில் பெயர் சொல்லும் வேலை செய்திருக்கிறார்கள். பெஞ்சமின் ஸ்டோன் என்ற ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் ஊர் ஊராகப் போய் விழாக்களையும் சடங்குகளையும் படமெடுத்தார். மறைந்துபோகும் முன் பதிவு செய்துவிட வேண்டும் என்பதற்காக 1897ல் ஒரு சங்கமே தொடங்கினார். ஸ்பெயினின் கிறிஸ்டினா கார்சியா ரோடெரோ 1973லிருந்து பல ஆண்டுகள் தன் நாட்டின் கிராமத் திருவிழாக்களைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். அவர் படங்களில் விழாவின் உச்சக்கட்டத்தைவிட, ஓரத்தில் களைத்து நிற்பவர்களும் காத்திருப்பவர்களும்தான் அதிகம் நினைவில் நிற்கிறார்கள்.

ஒரு வருஷத்துக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் கைகள் மட்டும், அடுத்த வருஷம் கடைப் பலகைகள் மட்டும். அல்லது ஒரே கடைக்காரரை வருஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நிறுத்தி எடுங்கள். மூன்றாம் வருஷமே அது படத்தொகுப்பாகிவிடும்.

நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டேன். அப்புறம்?

அன்றே கார்டிலிருந்து இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், அதற்கு முன் கார்டை அழிக்க வேண்டாம். தேர்வை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அன்று, பட்ட கஷ்டத்துக்காகவே சில படங்கள் நன்றாகத் தெரியும். ஒரே காட்சியில் பத்துப் படம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். கடைசியில் பன்னிரண்டு, பதினைந்து நின்றால் தாராளம்.

படத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் அனுப்பிவிடுங்கள். பலரும் சொல்லிவிட்டு மறந்துவிடுவதால்தான் அடுத்து கேமராவோடு வருகிறவரைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். போன் இல்லாத பெரியவர் என்றால் பிரிண்ட் போட்டு, அடுத்த வருஷம் அவர் கடை போடும் அதே இடத்தில் கையில் கொடுங்கள். பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் நல்லது, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், பென்சிலே போதும்.